மழைக்கு வழிவிடாத கண்ணாடி

மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் எஞ்சினுக்கு இருக்கும் பெருமை முன்கண்ணாடிக்கு இல்லை. வண்டியைப் பற்றிப் பேசுவோர் எஞ்சினின் ஆற்றலைக் கூறுவர், ஓட்டத்தின் விரைவைக் கூறுவர், வண்ணத்தையும் புகழ்வர். கண்ணாடி என ஒன்று இருப்பதை மழை பெய்து நீர் மடியில் சொட்டும்போதுதான் நினைப்பர். ஆனால் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் தொழிலில் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் கெட்டால் அதைக் கழற்றிச் செப்பனிடலாம். உதிரி உறுப்புகளை வேறொரு வண்டியிலிருந்தேனும் எடுத்துப் பூட்டலாம். உடற்கூடு துருவேறி இற்றுப்போனால் வண்டி மீள்வது அரிது என்று அவர்கள் சொல்வார்கள். அந்தத் துருவுக்குக் காரணமாகிய நீர் நுழையும் வாயில்களுள் முதன்மையானது முன்கண்ணாடியின் ஓரமாகும். அவ்வோரத்தை அடைக்கும் முறையையும், அதைச் சுற்றி மின்னும் உலோகப் பட்டையைத் திரும்பப் பொருத்தும் முறையையும், அவற்றின் பின்னுள்ள விஞ்ஞான உண்மைகளையும் இன்று காண்போம்.

திருச்சிராப்பள்ளிக்கும் மோட்டார்த் தொழிலுக்கும் உறவு நெடியது. டி.வி.எஸ். டோல்கேட் என்று இடப்பெயரிலேயே மோட்டார் நிறுவனம் ஒன்றன் பெயரைத் தாங்கிய நகரம் இது. பழையதைப் பழுதுபார்த்து வாழவைக்கும் கலையும் இவ்வூருக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வேப் பட்டறை 1928-ஆம் ஆண்டில் பொன்மலைக்கு வந்தது. நீராவி எஞ்சின்களின் காலம் முடிந்ததென்று உலகம் கருதிய பின்னரும், நீலகிரி மலை ரயிலுக்கெனப் புதிய நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டில் அப்பட்டறை செய்து கொடுத்தது. புத்தூர் நால்ரோட்டைக் கடந்து மருத்துவமனைக்கும், கல்லூரிக்கும், வயலூருக்கும் மக்களை ஏற்றிச் சென்ற வாடகைக் கார்களை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றுள் பெரும்பாலானவை அம்பாசிடர் வண்டிகள்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியின் அமைப்பைக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அம்பாசிடரைச் செய்தது. 1950-களின் இறுதியில் தொடங்கிய அவ்வேலை 2014-ஆம் ஆண்டில் நின்றது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் செய்த பியட் வண்டி பிற்காலத்தில் பத்மினி என்ற பெயர் பெற்றது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு வண்டியைச் செய்தது. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியக் கலைஞர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. இவற்றுள் எதுவும் இன்று செய்யப்படுவதில்லை. எஞ்சியிருப்பவற்றைக் காப்பாற்றினால்தான் அடுத்த தலைமுறை அவற்றைக் கண்ணால் காணும்.

இனி, கண்ணாடி எவ்வாறு நிற்கிறது என்று பார்ப்போம். வண்டியின் உடற்கூட்டில் கண்ணாடிக்கென விடப்பட்ட திறப்பின் நாற்புறமும் மெல்லிய தகட்டு விளிம்பு ஒன்று ஓடுகிறது. கண்ணாடி அந்த விளிம்பைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே, தொழிலாளர் 'பீடிங்' என்று வழங்கும் ரப்பர்ச் சட்டம் இருக்கிறது. அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இருபுறமும் இரண்டு காடிகள் தெரியும். தச்சர் கதவுச் சட்டத்தில் பலகையைச் செருகுவதற்கு இழைக்கும் காடியைப் போன்றவையே இவை. ஒரு காடி கண்ணாடியின் ஓரத்தைக் கவ்வுகிறது; மற்றொன்று தகட்டு விளிம்பைக் கவ்வுகிறது. வெளிமுகத்தில் மூன்றாவதாக ஒரு சிறு காடி பல வண்டிகளில் உண்டு. பளபளக்கும் உலோகப் பட்டை அதில்தான் அமர்கிறது. அப்பட்டை அழகுக்காக மட்டும் வைத்ததன்று. சில அமைப்புகளில் அது ஆப்புப்போல ரப்பரை விரித்துக் கண்ணாடியின்மீதும் தகட்டின்மீதும் இறுக்குகிறது.

கண்ணாடியை நேரே இரும்பில் பதித்துத் திருகாணியால் முடுக்கினால் என்ன என்று மாணவர் வினவலாம். இதற்கு விடை பௌதிக வகுப்பில் படிக்கும் வெப்ப விரிவில் இருக்கிறது. ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறும்போது, பத்து லட்சம் பங்கு நீளத்துக்கு எஃகு ஏறத்தாழ 12 பங்கும், சாதாரணக் கண்ணாடி 9 பங்கும், அலுமினியம் 23 பங்கும் நீளுகின்றன. திருச்சியின் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் தகடு, விடியற்காலையில் இருந்ததைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடேறுவது வியப்பன்று. 1,200 மில்லிமீட்டர் நீளமுள்ள பகுதியைக் கணக்கிடுவோம். எஃகு 0.58 மில்லிமீட்டர் நீளும், கண்ணாடி 0.43 மில்லிமீட்டர் நீளும்; அலுமினியப் பட்டையோ 1.10 மில்லிமீட்டர் நீளும். ஒரே சட்டத்துள் அடைபட்ட மூவரும் மூன்று வேகத்தில் வளர்கின்றனர். இவர்களுக்கு இடையே நின்று ஒவ்வொருவருக்கும் வேண்டிய இடத்தை விட்டுக்கொடுப்பது ரப்பர். அது வண்டியின் குலுக்கத்தையும் முறுக்கத்தையும்கூடத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. ரப்பர் இறுகிக் கட்டையானால் விட்டுக்கொடுக்கும் குணம் போய்விடும். அதன்பின் ஓரத்தில் இடைவெளி தோன்றும். அல்லது கண்ணாடி விரிசல் காணும்.

ரப்பர் ஏன் இறுகுகிறது? இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றிலுள்ள ஓசோன் அவற்றைத் தாக்கிச் சங்கிலியை அறுக்கிறது. வெயிலும் ஆக்சிஜனும் அந்த அழிவை விரைவுபடுத்துகின்றன. பழைய சட்டத்தை விரலால் வளைத்தால் கோடுகோடாக வெடிப்புகள் தெரிவது இதனாலேதான். இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் அவ்விரட்டைப் பிணைப்புகள் இல்லை. ஆதலால் அது வெயிலையும் ஓசோனையும் நெடுநாள் தாங்குகிறது. புதுச் சட்டம் வாங்குவோர் வடிவம் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், எந்த ரப்பரால் ஆனது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

நுழைந்த நீர் செய்யும் தீங்கும் நுட்பமானது. ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் நீர் புகுந்தால், நுண்புழை ஆற்றலால் அங்கேயே பிடிபட்டுத் தங்கிவிடுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் புகுந்த நீர், வெளித்தகடு காய்ந்து பல நாள் சென்றும் உள்ளே ஈரமாகவே இருக்கும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது. மறைவில் வீங்கிய அத்துரு, தகட்டு விளிம்பைக் கோணலாக்கி, கடைசியில் கண்ணாடியின் ஓரத்தையே நெருக்கி உடைப்பதும் உண்டு. மிஞ்சிய நீர் உள்ளே வழிந்து மின்கம்பிகளை நனைக்கிறது. கால்மிதியின் அடியில் தேங்கித் தரைத்தகட்டை அரிக்கிறது. சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கே தீய பொருளில் மெய்யாகிறது.

கண்ணாடியைப் பற்றியும் சிறிது அறிய வேண்டும். வண்டிகளில் பொருத்துவது பாதுகாப்புக் கண்ணாடி. அதில் இருவகை உண்டு. முதலாவது, சூடேற்றித் திடீரெனக் குளிர்வித்து வலுவேற்றிய கண்ணாடி. அது உடைந்தால் கற்கண்டுபோலச் சிறுசிறு துண்டுகளாகும். ஆனால் உடையும் நொடியில் கண்ணாடி முழுவதும் வெண்மையாகி வழியை மறைத்துவிடக்கூடும். இரண்டாவது, இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளிபுகும் ஏடு ஒன்றை வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி. பிரெஞ்சு விஞ்ஞானி எடுவார் பெனடிக்டஸ் என்பார் 1909-ஆம் ஆண்டில் இதற்கு உரிமம் பெற்றார். அவருடைய ஆய்வுச்சாலையில் கீழே விழுந்த குடுவை ஒன்று விரிசல் கண்டும் சிதறவில்லை. உள்ளே உலர்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் ஏடு துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்நிகழ்ச்சியே அவருடைய சிந்தனைக்கு வித்தாயிற்று என்பர். இன்று செல்லுலோசுக்குப் பதிலாக வேறு பிளாஸ்டிக் ஏடு வைக்கப்படுகிறது. கல் பட்டால் விரிசல் விழுமேயன்றி, துண்டுகள் ஓட்டுநரின் முகத்தில் பாய்வதில்லை.

இப்போது வேலையின் படிகளுக்கு வருவோம். கையுறையும் கண் காப்பும் அணிந்த பின்னரே தொடங்க வேண்டும். உடன் ஒருவர் இருத்தல் இன்றியமையாதது. தனி ஒருவர் செய்யத்தக்க வேலையன்று இது.

முதற்படி, உலோகப் பட்டையைக் கழற்றுவது. பட்டையின் இரு பாதிகள் சேருமிடத்தில் சிறு மூடி ஒன்று இருக்கும். அதை நகர்த்தினால் பட்டையின் முனை வெளிப்படும். அம்முனையிலிருந்து மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே செல்ல வேண்டும். ஓரிடத்தில் பிடித்து இழுத்தால் பட்டை மடியும். மடிந்த தடம் எவ்வளவு தட்டினாலும் முற்றும் மறையாது. எந்தப் பாதி எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்து வைப்பதும் நன்று.

அடுத்து, கண்ணாடியை எடுப்பது. சட்டத்தை மாற்றுவதாயின், பழைய ரப்பரின் வெளியுதட்டைக் கத்தியால் அறுத்துவிட்டால் கண்ணாடி எளிதில் வெளிவரும். அறுக்காமல் எடுப்பதாயின், உட்புறத்து உதட்டை மரச் சீவலால் தகட்டிலிருந்து விடுவித்து, மேல் மூலையில் உள்ளிருந்து உள்ளங்கையால் சமமாக அழுத்த வேண்டும். வெளியே நிற்பவர் தாங்கிக்கொள்வார். எடுத்த கண்ணாடியைத் தரையில் நிறுத்தலாகாது; மணல் பரல் ஒன்று ஓரத்தில் பட்டாலும் விரிசலுக்கு அதுவே தொடக்கமாகும். கம்பளி விரித்த மேசைமேல் வைத்து, ஓரங்களில் சில்லுப் பெயர்ந்திருக்கிறதா, அடுக்குகள் பிரிந்து பால்போல் வெளுத்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஓரம் சிதைந்த கண்ணாடியைத் திரும்பப் பொருத்துவது வீண் உழைப்பு.

மூன்றாம் படி, தகட்டு விளிம்பைச் செம்மைசெய்வது. இப்பணியின் உயிர்நாடி இதுவே. கண்ணாடி பொருத்தியபின் கண்ணுக்குத் தெரியாத இடமாதலால், பொறுமையற்றவர் இதைக் கடந்துவிடுவர். பழைய பசையையும் துருவையும் முற்றும் சுரண்ட வேண்டும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, முகமூடியும் அணிய வேண்டும். இற்றுப்போன பகுதி இருந்தால் வெட்டி நீக்கிப் புதுத்தகட்டைப் பற்றவைக்க வேண்டும். ஓட்டையின்மேல் பட்டி பூசி மறைத்தால் அடுத்த மழைக்காலமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். விளிம்பு கோணியிருந்தால் நேராக்கி, துருத்தடுப்புப் பூச்சும் வண்ணமும் பூசி, நன்றாக உலரவிட வேண்டும்.

இதற்கிடையே பட்டையைச் சீர்செய்யலாம். முதலில் அது எந்த உலோகம் என்று அறிய வேண்டும். பின்புறத்தில் சிறிது கீறினால் மஞ்சள் தெரிவது குரோமியம் பூசிய பித்தளை; கையில் எடுத்தால் மிக இலேசாகவும் மென்மையாகவும் இருப்பது அலுமினியம்; கடினமாகவும் முற்றும் ஒரே நிறமாகவும் இருப்பது துருவேறா எஃகு. துருவேறா எஃகில் பள்ளம் விழுந்திருந்தால், மரக்கட்டையின்மேல் வைத்துப் பின்புறமிருந்து சிறு சுத்தியால் தட்டி எழுப்பி, நுண்மையான உப்புத்தாள்களால் படிப்படியாகத் தேய்த்து மெருகிடலாம். அலுமினியப் பட்டையின் மேல் மின்முறையில் ஏற்றிய ஆக்சைடுப் படலம் இருக்கும். அதுவே அதன் கவசம். அதைக் காரத்தில் ஊறவைத்தாலும் தாளால் தேய்த்தாலும் கவசம் போய்விடும். ஆதலின் சோப்பு நீரும் மென்துணியும் போதும். குரோமியப் பூச்சு உரிந்திருந்தால் மறுமுறை முலாம் பூசுவதன்றி வேறு வழியில்லை.

நான்காம் படி, பொருத்துவது. புதுச் சட்டத்தை வெயிலில் சிறிது நேரம் வைத்தால் இளகிப் பணியும். ஒரே வளையமாக வார்த்த சட்டமாயின் அதன் மூலைகள் கண்ணாடியின் மூலைகளோடு பொருந்த வேண்டும். நீளமாக வாங்கி வெட்டிய சட்டமாயின் அளவுக்கு மேல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூட்டி வெட்ட வேண்டும். ரப்பர் நாளடைவில் சுருங்கும் இயல்புடையது. இணைப்பு மூலை வளைவில் வரலாகாது. சட்டத்தைக் கண்ணாடியின் ஓரத்தில் முதலில் பூட்டி, தகட்டுக்குரிய காடியில் வலிய நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதிக்க வேண்டும். அதன் இரு முனைகளும் கீழ்நடுவில் ஒரு சாண் அளவு ஒன்றன்மேல் ஒன்று சென்று, வண்டியின் உட்புறமாகத் தொங்க வேண்டும். காடியிலும் தகட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். எண்ணெயோ கிரீசோ தடவினால் ரப்பர் ஊதிக் கெடும்.

பிறகு கண்ணாடியை வெளியிலிருந்து திறப்பில் நடுவாக வைத்து, ஒருவர் உள்ளங்கையால் அழுத்துகிறார். உள்ளே இருப்பவர் கயிற்றின் முனையை வண்டியின் நடுப்பக்கம் நோக்கி மெல்ல இழுக்கிறார். கயிறு வெளிவரும்போது ரப்பரின் உள்ளுதடு தகட்டு விளிம்பைத் தாண்டி உட்புறம் மடிந்து அமர்கிறது. முதலில் கீழ்ப்பக்கம், பின் இரு பக்கங்கள், இறுதியில் மேற்பக்கம் என்ற வரிசையில் இழுக்க வேண்டும். வெளியே அழுத்துபவரின் கையும் கயிறு செல்லும் இடத்தோடு உடன் செல்ல வேண்டும். எங்கேனும் தடைப்பட்டால் குத்தியோ தட்டியோ முயலக்கூடாது. கண்ணாடி நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி சோப்புத் தண்ணீர் விட்டுத் தொடங்க வேண்டும்.

உலோகப் பட்டையை எப்போது செருகுவது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் பீட்டில் போன்றவற்றில் கண்ணாடியைத் திறப்பில் வைக்குமுன்பே பட்டையை ரப்பரில் பதித்துவிட வேண்டும். பின்னர் முயன்றால் ஏறாது. வேறு சிலவற்றில் கண்ணாடி அமர்ந்தபின், முனையில் வளையமுள்ள கருவியால் காடியின் உதடுகளை விரித்துக்கொண்டே பட்டையைப் பின்தொடரச் செய்ய வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் தொடங்குவோர் இருமுறை உழைக்க நேரும். பழைய அமைப்பைக் கழற்றும்போதே உற்றுநோக்கிக் குறிப்பெடுப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

கடைசிப் படி அடைப்புப் பசை இடுவது. ரப்பர் நன்றாக அமர்ந்தாலும் நுண்ணிய இடைவெளிகள் எஞ்சும். ஆகவே ரப்பரின் வெளியுதட்டை மழுங்கிய மரக்குச்சியால் உயர்த்தி, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையிலும், ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையிலும் என்றும் இறுகாத வகைப் பசையைக் குழல்முனையால் செலுத்த வேண்டும். கல்லைப்போல் இறுகும் பசை, ரப்பரின் விட்டுக்கொடுக்கும் குணத்தையே கெடுத்துவிடும். குளியலறைகளில் பூசும் சிலிக்கோன் பசைகளுள் புளிக்காடி நாற்றம் வீசுவனவற்றை அறவே விலக்க வேண்டும். அவை உலரும்போது வெளியிடும் அசெட்டிக் அமிலம் எஃகை அரிக்கும். கண்ணாடியில் வழிந்த பசையைத் துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். ரப்பரை அதில் ஊறவிடலாகாது. பெட்ரோலும் தின்னரும் கூடவே கூடா.

வேலை முடிந்தபின் சோதனை. குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சாமல் மெல்ல வழியவிட வேண்டும். அதுவும் கீழ்விளிம்பில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எங்கும் பரவி, ஒழுகும் இடத்தைக் காட்டாது. உள்ளே இருப்பவர் ஓரங்களில் சுண்ணப்பொடி தூவியோ செய்தித்தாளை வைத்தோ பார்த்தால், ஈரம் முதலில் தோன்றும் இடம் புலப்படும். நீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாகவே இருக்குமென்று எண்ணக்கூடாது. மேலே நுழைந்த நீர் காடிவழியே ஓடி மூலையில் சொட்டுவது வழக்கம்.

இக்காலத்து வண்டிகளில் ரப்பர்ச் சட்டத்துக்குப் பதிலாகப் பாலியுரேத்தேன் பசையால் கண்ணாடியைத் தகட்டோடு நேரே ஒட்டிவிடுகின்றனர். அங்கே கண்ணாடியும் உடற்கூட்டின் வலிமைக்குத் துணைநிற்கிறது. அம்முறையைப் பழைய வண்டியிலும் கையாண்டால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். பழைய வண்டியின் விளிம்பு ரப்பருக்கென அமைந்தது. ஒட்டுவதற்குரிய அகலமும் வடிவமும் அதற்கு இல்லை. ஒட்டிய கண்ணாடியைப் பிற்காலத்தில் ஒருவர் எடுக்க முயன்றால் விளிம்பும் சேர்ந்து சேதமுறும். நமக்குப் பின் வருபவரும் கழற்றிப் பார்க்கத்தக்கவாறு வேலை செய்வதே புதுப்பிக்கும் கலையின் அறம்.

மற்றொரு வினா இதனினும் கடினமானது. பழைய வண்டியில் முதலில் இருந்தது வலுவேற்றிய கண்ணாடியாயின், அதையே தேடிப் பொருத்துவதா, அடுக்குக் கண்ணாடிக்கு மாறுவதா? 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவுமுறையை ஏற்படுத்தியது. மூல உருவம் மாறாமல் காக்கப்பட்ட வண்டிகளுக்கே அச்சிறப்பு உரியது. உருவத்தைக் காக்க வேண்டும் என்பது ஒரு நியாயம். ஓட்டுநரின் கண்ணைக் காக்க வேண்டும் என்பது மற்றொரு நியாயம். அதே அளவும் வளைவும் உடைய அடுக்குக் கண்ணாடி கிடைக்குமாயின், அதைத் தேர்வதில் வண்டியின் தோற்றத்துக்கு ஊறில்லை. உயிருக்கோ பெரும் காப்பு. ஐ.எஸ். 2553 என்னும் இந்தியத் தர எண் பொறித்த கண்ணாடியைக் கேட்டு வாங்குவது நலம். முன்கண்ணாடி வழியே ஒளி 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் புகவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. எனவே அழகு கருதிக் கருநிறக் கண்ணாடி பொருத்துவதற்கு இடமில்லை.

இவ்வேலையில் விலையுயர்ந்த பொறி எதுவும் தேவைப்படவில்லை என்பதை மாணவர்கள் கவனித்திருப்பார்கள். ஒரு கயிறு, ஒரு மரக்குச்சி, சிறிது சோப்புத் தண்ணீர், இருவர் கைகள் ஆகியவை போதும். ஆனால் அந்தக் கயிற்றை ஏன் அவ்வாறு இழுக்கிறோம், இந்தப் பசையை ஏன் விலக்குகிறோம் என்று விளங்கிக்கொள்ள வெப்ப விரிவும், நுண்புழை ஆற்றலும், ரப்பரின் வேதியியலும் வேண்டியிருக்கின்றன. பட்டறைத் தொழிலாளி அனுபவத்தால் அறிந்ததை மாணவர் நூலால் அறிகிறார். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக் கற்றால் தொழிலும் வளரும், கல்வியும் பயன்படும். அடுத்த ஐப்பசி மழையில் பழைய வண்டி ஒன்று நனையாத தரையோடு நிற்குமானால், அதுவே அந்தக் கல்விக்குக் கிடைத்த நற்சான்றாகும்.